டைமர் பைக்குள்தான் இருந்தது: அப்போலோ 12 எடுக்காமல் விட்ட படம்

1969 நவம்பரில் நிலவில் இறங்கிய இருவர், அங்கே எடுத்தே தீர வேண்டும் என்று ஒரு படத்தை மனதில் முடிவு செய்து வைத்திருந்தார்கள். இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும். பின்னால் சர்வேயர் 3 என்ற பழைய ஆளில்லா விண்கலம் தெரிய வேண்டும். படம் பூமிக்கு வந்து பத்திரிகைகளில் அச்சானதும் யாராவது ஒருவர் கேட்பார்: நிலவில் இருந்ததே இரண்டு பேர், அப்படியானால் இதை எடுத்தது யார்? அந்தக் கேள்விக்காகவே போட்ட திட்டம் அது. இதற்காக, தரைக் கட்டுப்பாட்டு மையத்திடம் சொல்லாமல், ஹாசல்பிளாட் கேமராவுக்குப் பொருந்தும் ஒரு செல்ஃப் டைமரை, அதாவது யாரும் அமுக்காமலேயே சிறிது நேரம் கழித்துத் தானாகப் படம் எடுக்க வைக்கும் கருவியை, தங்களோடு எடுத்துப் போனார்கள். நிலவில் கேமரா வேலை செய்தது. ஃபிலிம் இருந்தது. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. சர்வேயர் கைதொடும் தூரத்தில் நின்றது. டைமரும் அவர்களுடன்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை.

நல்ல கேமராவை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிய நாளில்தான் நல்ல காட்சி எதிரே வந்து நிற்கும் என்று படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் சொல்வோம். அந்த வருத்தத்தின் உச்சமாக எனக்குத் தோன்றுவது இந்த நிகழ்வுதான். வீட்டில் விட்டதை இன்னொரு நாள் எடுத்துவரலாம். அதே இடத்துக்கு அடுத்த வாரமோ அடுத்த வருடமோ போகலாம். நிலவில் நின்ற அந்த இருவருக்கும், கான்ராட்டுக்கும் பீனுக்கும், அடுத்த முறை என்று ஒன்று இல்லை. அதனால் "மறந்துவிட்டார்கள், பாவம்" என்று இதைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. எங்கே நழுவியது, எப்படி நழுவியது என்று ஒவ்வொரு அடியாகப் பார்க்க வேண்டும்.

அந்த இருவர்

தளபதி பீட் கான்ராட். நிலவில் இறங்கும் கலத்தின் விமானி ஆலன் பீன். மூன்றாமவர் ரிச்சர்ட் கார்டன். மற்ற இருவரும் கீழே இருந்த நேரத்தில் யாங்கி கிளிப்பர் என்ற தாய்க்கலத்தில் தனியாக நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தவர். மூவருமே கடற்படை விமானிகள், நெருங்கிய நண்பர்கள். கான்ராட் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஆள். ஆம்ஸ்ட்ராங்கின் முதல் வாக்கியத்தை நாசாதான் எழுதிக் கொடுத்திருக்கும் என்று நம்பிய ஒரு பத்திரிகையாளரிடம் 500 டாலர் பந்தயம் கட்டி, நிலவில் கால் வைத்ததும் தன் குள்ளமான உருவத்தையே கிண்டல் செய்கிற ஒரு வாக்கியத்தைச் சொன்னவர். டைமர் யோசனை இந்தக் குணத்துக்குப் பொருத்தமானதுதான்.

பீனைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் அது தேவைப்படும். நவம்பர் 14 அன்று கென்னடி விண்வெளி மையத்தில் மழை மேகங்களுக்கு நடுவே அப்போலோ 12 கிளம்பியது. 36-ஆவது நொடியில் ஒரு மின்னல், 52-ஆவது நொடியில் இன்னொன்று. கலத்தின் மின்சாரம் தடுமாறி எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிந்தன. கீழே வந்த தகவல்கள் எல்லாம் குப்பையாக இருந்தன. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்த ஜான் ஆரன் என்ற இளம் பொறியாளருக்கு மட்டும், பழைய சோதனை ஒன்றில் இதே மாதிரிக் குழப்பத்தைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. 'எஸ்சிஇ டு ஆக்ஸ்' என்றார். அது என்ன சுவிட்ச் என்று கான்ராட்டுக்கே தெரியவில்லை. பீனுக்குத் தெரிந்தது. தன் பக்கத்துப் பலகையில் அது எங்கே இருக்கிறது என்று சரியாக நினைவு வைத்திருந்து தட்டிவிட்டார். தகவல்கள் திரும்ப வந்தன, பயணம் பிழைத்தது.

நூற்றுக்கணக்கான சுவிட்சுகளில், அதிகம் யாரும் தொடாத ஒன்றை அந்த அமளியில் கண்டுபிடித்த மனிதர் அவர். ஆறு நாட்களுக்குள் நிலவில் டைமரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதும் அவருக்குத்தான். அதனால் 'கவனக்குறைவு' என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை.

சர்வேயர் ஏன் அங்கே?

நான்கு மாதங்களுக்கு முன் அப்போலோ 11 தான் குறி வைத்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இறங்கியிருந்தது. குறித்த இடத்தில் இறங்கிக் காட்டுவது அப்போலோ 12-இன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதற்கு அடையாளமாக வைக்கப்பட்டதுதான் சர்வேயர் 3. 1967 ஏப்ரலில் புயல்களின் பெருங்கடல் என்ற சமவெளியில், ஒரு பெரிய பள்ளத்தின் உட்சரிவில் இறங்கி நின்ற கலம் அது. கான்ராட் தன் இன்ட்ரெபிட் கலத்தை அதிலிருந்து சுமார் 160 மீட்டர் தூரத்தில் கொண்டுவந்து இறக்கினார். பூமியிலிருந்து கிளம்பி வந்து 160 மீட்டர்!

ஆக, சர்வேயர் வெறும் பின்னணி கிடையாது. இந்தப் பயணம் தன் வேலையைச் சரியாகச் செய்தது என்பதற்கான சாட்சியே அதுதான். மனிதர்கள் வேறொரு உலகத்தில், தாங்கள் முன்பு அனுப்பிய கருவியிடம் நடந்தே போய்ச் சேர்ந்தது அதுவரை நடக்காத விஷயம். இருவரும் அதன் அருகே நிற்கும் ஒரே ஒரு படம் இருந்திருந்தால், அப்போலோ 12-ஐப் பற்றி அடுத்த ஐம்பது வருடங்களில் எழுதப்பட்ட எல்லாவற்றுக்கும் அதுவே முகப்பாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அப்போலோ 11-இல் என்ன நடந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த நடையில் பெரும்பாலான நேரம் கேமரா ஆம்ஸ்ட்ராங்கிடம் இருந்தது. அதனால் உலகம் அறிந்த படங்களில் இருப்பவர் அவருடன் இறங்கிய ஆல்ட்ரின். நிலவில் முதலில் கால் வைத்த மனிதரின் நல்ல ஸ்டில் படம் என்று தேடினால் சொற்பமே கிடைக்கும்; அதிலும் ஒன்றில் அவர் கலத்தின் பக்கம் திரும்பி வேலை செய்துகொண்டிருக்கிறார், முதுகுதான் தெரிகிறது. மற்றொன்றில் ஆல்ட்ரினின் தலைக்கவசக் கண்ணாடியில் குட்டியாகத் தெரிகிறார். கேமரா பிடித்தவன் படத்தில் இல்லாமல் போகும் அந்தப் பழைய பிரச்சினை நிலவிலும் விடவில்லை. அப்போலோ 12-இல் ஆளுக்கு ஒரு ஹாசல்பிளாட் கொடுத்தார்கள். அதனால் ஒருவரை ஒருவர் எடுக்க முடிந்தது. ஆனால் இருவரும் ஒரே படத்தில் வர, இரண்டு கேமரா இருந்தும் பயனில்லை. அதற்குத்தான் டைமர்.

முதலில் போனது டிவி

முதல் நடையின் தொடக்கத்திலேயே ஒரு அடி விழுந்தது. இந்த முறை நிலவின் தரையிலிருந்து வண்ணத்தில் நேரடி ஒளிபரப்பு என்று ஒரு டிவி கேமரா போயிருந்தது. அதைக் கலத்தின் பக்கத்திலிருந்து எடுத்துத் தள்ளி நிறுத்தப் போகும்போது பீன் அதைச் சூரியனை நோக்கித் திருப்பிவிட்டார். காற்றில்லாத இடத்தில் நேர்ச் சூரியன். உள்ளே இருந்த படக்குழாய் கருகியது. சுத்தியலால் தட்டிக்கூடப் பார்த்தார், அது பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பயணத்தில் நிலவின் தரையிலிருந்து நேரடிப் படமே கிடையாது.

இதைப் பலரும் தனிக்கதையாகச் சொல்வார்கள். டைமர் கதையோடு சேர்த்துப் பார்த்தால்தான் எனக்கு இதன் கனம் புரிகிறது. டிவி இருந்திருந்தால் இருவரும் ஒன்றாக வேலை செய்வது தொலைக்காட்சியில் பதிவாகியிருக்கும். தரம் எப்படி இருந்தாலும் இருவரும் ஒரே காட்சியில் வந்திருப்பார்கள். டிவி போனதும் எல்லாப் பொறுப்பும் இரண்டு ஹாசல்பிளாட் மீது விழுந்தது. விளையாட்டாகத் திட்டமிட்ட ஒரு படம், யாரும் சொல்லாமலேயே முக்கியமான படமாகிவிட்டது.

பையின் அடியில்

இரண்டாவது நடை சுமார் 3 மணி 49 நிமிடம். ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஒரு வட்டம்: ஹெட், பெஞ்ச், ஷார்ப், ஹேலோ என்று பெயர் வைத்திருந்த பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மாதிரிகள் எடுத்துக்கொண்டு, கடைசியாகச் சர்வேயர் இருந்த பெரும் பள்ளம். அங்கிருந்து இன்ட்ரெபிட்டுக்குத் திரும்ப வேண்டும்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். சர்வேயர் கடைசி நிறுத்தம். கல், மண், மாதிரிப் பைகள் எல்லாம் கையில் தூக்கிப் போகிற கருவிச் சட்டத்தோடு இணைந்த பையில்தான் சேர்ந்துகொண்டே வந்தன. டைமரும் அதே பையில். கிளம்பும்போது பை காலியாக இருந்ததால் அங்கே வைப்பது சரியான யோசனையாகத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதன் மேல் கற்கள் ஏறின. தேவைப்பட்ட நேரத்தில் அது அடியில் போயிருந்தது. சமையலறைச் சாக்கில் முதலில் போட்ட எலுமிச்சை கடைசியில்தானே கைக்கு வரும், அதே கதை.

பூமியில் என்றால் பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடிவிடலாம். அங்கே கையுறை காற்றழுத்தத்தில் விறைத்து நிற்கும். விரலை மடக்குவதே ஒரு வேலை. கையுறை வழியாகத் தொட்டால் கல் எது, டைமர் எது என்று விரலுக்குத் தெரியாது. அப்போலோ 12 இறங்கிய இடத்தின் தூசு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. இருவரின் உடையும் கருத்துப்போய்விட்டது. தூசு படிந்த ஒரு சிறிய உலோகப் பொருள், தூசு படிந்த கற்களுக்கு நடுவே. சூரியன் வேறு இன்னும் தாழ்வாகத்தான் இருந்தது, பையின் உட்புறம் நிழல். கொட்டவும் முடியாது: எந்தக் கல் எங்கே எடுக்கப்பட்டது என்பதுதான் அந்தக் கற்களுக்கே மதிப்பு. மொத்தம் 34 கிலோவுக்கு மேல் மாதிரிகள் அந்தப் பயணத்தில் வந்தன. அவற்றைக் குழப்பிவிட்டு ஒரு வேடிக்கைப் படம் எடுத்திருந்தால் யாரும் மன்னித்திருக்க மாட்டார்கள். அவர்களே தங்களை மன்னித்திருக்க மாட்டார்கள்.

தேடினார்கள், கிடைக்கவில்லை. அங்கே செய்ய வேண்டிய அதிகாரபூர்வ வேலை காத்திருந்தது. சர்வேயரின் பாகங்களை வெட்டி எடுக்க வேண்டும். 31 மாதங்கள் நிலவில் கிடந்த உலோகமும் கம்பியும் கண்ணாடியும் என்ன ஆகின்றன என்று பொறியாளர்கள் பார்க்க விரும்பினார்கள். வெட்டி எடுத்தவற்றில் முக்கியமானது என்ன தெரியுமா? சர்வேயரின் டிவி கேமரா. இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் விமான விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நிலவிலிருந்து ஒரு கேமராவைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்த பயணம் இது ஒன்றுதான்.

டைமர் பிறகு கிடைத்தது. இன்ட்ரெபிட்டுக்குத் திரும்பி, பையைக் காலி செய்து பெட்டியில் அடுக்கும்போது வெளியே வந்தது. சர்வேயர் அப்போது பள்ளத்துக்குள், திரும்பிப் போக நேரமில்லாத தூரத்தில். 160 மீட்டர்தான், ஆனால் கடிகாரம் முடிந்துவிட்டது. டைமரை ஓங்கி வீசி எறிந்தார்கள். அந்த வீச்சில் இருந்த எரிச்சல் எனக்கு நன்றாகப் புரிகிறது.

கையை நீட்டியே எடுத்திருக்கலாமே?

இன்றைக்கு இதைக் கேட்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். நியாயமான கேள்வி. 1966 நவம்பரிலேயே ஜெமினி 12-இல் ஆல்ட்ரின் கலத்தின் கதவருகே நின்று தன்னைத் தானே எடுத்த படம் இருக்கிறது. அப்படியானால் இவர்களுக்கு ஏன் முடியாது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிலவுக்கான ஹாசல்பிளாட்டில் இருந்தது 60 மில்லிமீட்டர் ட்ஸைஸ் பயோகான் லென்ஸ். ஃபிலிமில் விழும் ஃப்ரேமின் பக்கம் ஏறத்தாழ 53 மில்லிமீட்டர். அதாவது கேமராவுக்கு முன்னால் எவ்வளவு தூரமோ, அதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவான அகலம்தான் படத்தில் வரும். அந்த உடையில் கையை முழுதாக நீட்டவே முடியாது. 60 சென்டிமீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது சுமார் அரை மீட்டர் அகலம். ஒரு தலைக்கவசமும் தோளும் வந்தால் ஃப்ரேம் நிறைந்துவிடும். இரண்டு பேருக்கு இடமில்லை, பின்னால் சர்வேயர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவ்வளவு பக்கத்தில் ஃபோகஸும் கூர்மையாக நிற்காது. மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் இரண்டரை மீட்டருக்கு மேல் அகலம் கிடைக்கிறது, இருவரும் சர்வேயரின் ஒரு பகுதியும் அடங்கும். ஆக, கேமராவை எங்கேயாவது நிறுத்தி வைத்துவிட்டு விலகி வந்து நிற்க வேண்டும், ஷட்டரை வேறு ஏதோ ஒன்று அமுக்க வேண்டும். டைமருக்கு மாற்று இல்லை.

இன்னொன்று: அந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டரே கிடையாது. நெஞ்சில் மாட்டியபடி உடம்பைத் திருப்பித்தான் குறி வைத்தார்கள். தலைக்கவசம் போட்டவனுக்கு வ்யூஃபைண்டர் எதற்கு? அப்படி எடுத்தும் அவ்வளவு நேர்த்தியான படங்கள் வந்திருக்கின்றன என்பது பயிற்சியின் பலன். கேமராவைப் பயிற்சிக்காக முன்பே கொடுத்து, எதிரே வருவதை எல்லாம் எடுத்துப் பழகச் சொல்லியிருந்தார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். கருவி இல்லாமல் போனாலும் அறிவால் சமாளிக்க முடிகிற தருணங்கள் உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாகக் காரில் போகும்போது, கல்லறைச் சிலுவைகள் மீது கடைசி வெயிலும் மேலே நிலாவுமாக ஒரு காட்சியைப் பார்த்தார். பெரிய 8x10 கேமராவை அவசரமாக நிறுத்தினால் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரைக் காணவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனதிலேயே எக்ஸ்போஷரைப் போட்டார். எஃப் 32, ஒரு நொடி. இரண்டாவது பிளேட்டுக்குத் திருப்புவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. கையில் வந்த அந்த ஒரே நெகட்டிவ் அவருடைய மிகப் புகழ்பெற்ற படமானது. மீட்டர் செய்கிற வேலையை மூளை செய்ய முடிந்தது. டைமர் செய்கிற வேலையை மூளை செய்ய முடியாது. எதை விட்டுவிட்டுப் போனால் சமாளிக்கலாம், எதை விட்டால் முடியாது என்பது பொருளின் விலையைப் பொறுத்ததல்ல. ஹாசல்பிளாட்டோடு ஒப்பிட்டால் அந்த டைமர் ஒன்றுமே இல்லை.

வாய் திறந்து கேட்க முடியாத ஒன்று

எனக்கு முக்கியமாகப் படும் இடம் இதுதான். நிலவில் அவர்கள் தூக்கிப் போன ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. எந்தப் பொருள் எந்தப் பையில், எந்த நிறுத்தத்தில் வெளியே வரும், யார் எடுப்பார், யார் பிடிப்பார் என்று பூமியில் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்திருந்தார்கள். மணிக்கட்டில் கட்டிய சிறு புத்தகத்தில் அடுத்து என்ன என்று எழுதியிருந்தது. டைமர் அந்தப் பட்டியலில் இல்லை. ரகசியம் என்பதால் இருக்கவும் முடியாது. அதற்கென்று ஒரு நிரந்தர இடம் இல்லை, ஒதுக்கிய நிமிடங்கள் இல்லை, அதை எடுத்து மாட்டிப் பார்த்த ஒத்திகை எதுவும் அந்தப் பெரிய பயிற்சித் திட்டத்துக்குள் இல்லை. மின்னல் அடித்தபோது பீனின் கை நேராகச் சரியான சுவிட்சுக்குப் போனது என்றால், அந்தச் சுவிட்சுக்கு ஒரு இடம் இருந்தது என்பதால்தான். டைமருக்கு இடமே இல்லை.

அதைவிட மோசம், அதைப் பற்றிப் பேசவும் முடியாது. நிலவில் இருவரும் ஒருவருக்கொருவர் பேசியது எல்லாம் ரேடியோ வழியாக ஹூஸ்டனுக்கும் போனது. "டைமர் எங்கே? எந்தப் பக்கம் வைத்தோம்?" என்று வாய்விட்டுக் கேட்டால் வேடிக்கையே உடைந்துவிடும். ஒருவர் தேடுகிறார், மற்றவர் உதவ வேண்டும், ஆனால் எதைத் தேடுகிறோம் என்று சொல்லக் கூடாது. அந்தச் சில நிமிடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது.

இதற்கு நேரெதிரான காட்சி அதற்கு 11 மாதங்களுக்கு முன் நடந்தது. 1968 டிசம்பர் 24, அப்போலோ 8 நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜன்னலில் திடீரென்று பூமி எழுகிறது. பில் ஆண்டர்ஸ் கையில் இருந்த கேமராவில் அப்போது கருப்பு வெள்ளை ஃபிலிம். ஒரு படம் எடுத்துவிட்டு உடனே கலர் ஃபிலிம் வேண்டும், சீக்கிரம் கொடு என்று ஜிம் லவலிடம் கேட்கிறார். லவல் தேடுகிறார், அவசரப்படுத்துகிறார்கள், கை மாறுகிறது, ஃபிலிம் மாட்டியாகிறது. அதற்குள் பூமி அந்த ஜன்னலிலிருந்து நழுவி, அடுத்த ஜன்னலில் மறுபடி தெரிகிறது. படம் விழுகிறது. இந்தப் பேச்சு முழுவதும் கலத்தின் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. பூமி உதயத்தைப் படமெடுப்பது அன்றைய திட்டத்தில் இல்லவே இல்லை. அதைக் கேலி செய்வதுபோல, 'அட்டவணையில் இல்லையே, எடுக்காதே' என்கிற மாதிரி ஒரு பேச்சுகூட அந்த நாடாவில் வருகிறது.

இரண்டு படங்களுமே திட்டத்துக்கு வெளியே இருந்தவை. இரண்டிலும் கேமரா தயார், தேவையான ஒரு துணைப்பொருள் மட்டும் கைக்கு எட்டவில்லை. அப்போலோ 8-இல் அதைச் சத்தமாகக் கேட்க முடிந்தது, கலர் ஃபிலிம் வழக்கமான இடத்தில் இருந்தது, தேடிக் கொடுக்க இரண்டாவது ஜோடிக் கை இருந்தது. அப்போலோ 12-இல் கேட்கவும் முடியவில்லை, டைமருக்கு வழக்கமான இடமும் இல்லை, பக்கத்தில் இருந்தவரிடம் தேடச் சொல்லவும் முடியவில்லை. அதனால் அவசரத்தை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அப்போலோ 8-இல் இதைவிடப் பெரிய அவசரம் இருந்தது. படத்தைத் தொலைத்தது ரகசியம். எந்தக் குறும்பு அந்தப் படத்துக்கு உயிர் கொடுத்ததோ, அதுவே அதைக் கைக்கு எட்டாமலும் செய்தது.

கிடைத்த படங்கள்

கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். சர்வேயர் மீது கை வைத்தபடி கான்ராட் நிற்க, பின்னால் பள்ளத்தின் விளிம்பில் இன்ட்ரெபிட் குட்டியாகத் தெரிகிற படத்தைப் பீன் எடுத்தார். ஒரே ஃப்ரேமில் மனிதன், பழைய கலம், புதிய கலம். அமைப்பில் இதை மிஞ்சிய படம் அப்போலோ காலத்தில் அதிகம் இல்லை என்பது என் கருத்து. இரண்டாவது நடையில் எடுத்த இன்னொன்றில் பீன் ஒரு மாதிரிக் குப்பியைக் கையில் பிடித்திருக்கிறார். அவருடைய தலைக்கவசக் கண்ணாடியில் கேமராவோடு கான்ராட் தெரிகிறார். கவனித்துப் பார்த்தால் இந்த ஒரே படத்தில் இருவருமே இருக்கிறார்கள். யார் எடுத்தது என்பதற்கான விடையும் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது, அதனால் புதிர் மட்டும் போய்விட்டது.

அப்போலோ வீரர்கள் எடை குறைப்பதற்காக ஹாசல்பிளாட்டுகளைப் பெரும்பாலும் நிலவிலேயே விட்டு, ஃபிலிம் இருந்த மேகசினை மட்டும் கழற்றி எடுத்து வந்தார்கள். கேமராவின் எடைக்குப் பதில் கல் கொண்டுவரலாம் என்பது கணக்கு. உலகின் மிக நல்ல கேமராக்களை மனமறிந்து விட்டுவிட்டு வந்ததற்கு யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

பீன் வரைந்தது

டைமர் விஷயத்துக்குப் பீன் வருந்தினார். 1981-இல் நாசாவை விட்டு விலகி முழுநேர ஓவியரானார். அதற்குள் 1973-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் 59 நாட்கள் தங்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியிருந்தார், இன்னும் பறந்திருக்கலாம். ஆனால் நிலவில் நடந்தவர்களில் ஓவியம் வரையத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான் வரையாவிட்டால் இவையெல்லாம் பதிவாகாமல் போய்விடும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ஓவியப் பலகையின் மேல்பூச்சில் நிலவில் பயன்படுத்திய சுத்தியலால் தடம் பதித்தார், நிலவுக் காலணியின் அச்சைப் பதித்தார். தன் விண்வெளி உடையிலிருந்த சின்னங்களின் துணுக்குகளை, அவற்றில் ஒட்டியிருந்த தூசோடு சேர்த்து, வண்ணத்தில் கலந்தார்.

அப்படி வரைந்தவற்றில் ஒன்று சர்வேயர் அருகே அவரும் கான்ராட்டும் சேர்ந்து நிற்பது. 'நாங்கள் எடுக்காமல் போன அற்புதமான புகைப்படம்' என்று பொருள்படும் தலைப்பை அதற்கு வைத்தார். டைமர் கைக்குக் கிடைத்திருந்தால் எப்படி வந்திருக்குமோ அப்படி. உண்மையான நிலவுத் தூசு, உண்மையான கருவியின் தடம், அங்கே நின்றவரின் சொந்தக் கண்.

அது எனக்கு மிகவும் பிடித்த ஓவியம். ஆனாலும் ஒரு புகைப்படக்காரன் கண்ணோடு பார்த்தால் அது அந்தப் படத்துக்கு ஈடாகாது. 'இதை எடுத்தது யார்?' என்று கேட்க வைப்பதுதான் மூலத் திட்டம். ஓவியத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். வரைந்தவர் பெயர் அதிலேயே இருக்கிறது. அந்தக் கேள்வி பிறக்க வேண்டுமென்றால் ஷட்டர் உண்மையாகவே விழுந்திருக்க வேண்டும். நிலவில் அந்த நொடியில் யாரும் தொடாமல் ஒரு கேமரா படம் எடுத்தது என்கிற உண்மை தேவை. தூரிகை அதைத் தர முடியாது.

வேறொன்றைத் தர முடிந்தது. பின்னாளில் பீன் இன்னொரு ஓவியம் வரைந்தார். அதில் நிலவில் நிற்பவர்கள் மூன்று பேர்: கான்ராட், கார்டன், பீன். அவர்கள் இறங்கியபோது மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த கார்டன், அப்போலோ 18-இல் தளபதியாக இறங்கக்கூடியவராக இருந்தார். 1970-இல் அந்தப் பயணமே ரத்தானதால் நிலவில் அவர் கால் பட்டதே இல்லை. இது கற்பனை என்று பீன் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். டைமர் கிடைத்திருந்தாலும் அந்தப் படத்தில் இரண்டு பேர்தான் இருந்திருப்பார்கள்.